எண்ணெய் கடினமானால் பந்து அடங்க வேண்டும்

பந்தை உருட்டிப் பத்துப் பின்களை (கட்டைகளை) வீழ்த்தும் ஆட்டம் போலிங். அதற்குப் பந்து வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு வளையும்?" என்பதுதான். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் வழக்கமாகப் பந்துக்கு விரல் துளை போட்டுக்கொள்ளும் கடையின் சீனப் பெரியவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. எங்கள் எல்லோருக்கும் அவர் அங்கிள். "எந்த எண்ணெயில் உருட்டப் போகிறாய்? அதை முதலில் சொல்" என்று மலாயில் திருப்பிக் கேட்பார். பதில் தெரியாமல் விழிப்பவர்களுக்கு விலை குறைந்த பந்தையே எடுத்துக் காட்டுவார். வியாபாரத்துக்கு அது நல்லதல்ல. ஆனால் அவரிடம் ஒருமுறை போனவர்கள் வேறு கடைப் படியேறுவதில்லை.

புதன்கிழமை இரவுகளில் தொழிற்சாலை லீக்கில் ஆடுகிற எங்களைப் போன்றவர்களுக்குத் தடத்தில் பூசியிருக்கும் எண்ணெய் என்பது பேச்சுக்குக்கூட வராத விஷயம். திறந்த போட்டிகளுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அது ஆட்டத்தின் பாதி என்று புரிகிறது. லீக்கில் ஆட்டத்துக்குச் சராசரி 190 புள்ளி வைத்திருக்கும் ஆள், கடினமான எண்ணெய்ப் பூச்சில் 160-ஐத் தொடுவதற்குள் வியர்த்துப் போகிறார். கை அதே கை, பந்தும் அதே பந்து. மாறியது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் மட்டும்.

தடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உருட்டுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் 41.5 அங்குலம், அதாவது 39 பலகைகள். பெரும்பாலான மையங்களில் இப்போது தளம் செயற்கைப் பொருளால் ஆனது. பலகையாகத் தெரிவதெல்லாம் அச்சிட்ட கோடுகள்தான். இருந்தாலும் நாங்கள் பலகைக் கணக்கில்தான் பேசுகிறோம். வலது கைக்காரருக்கு வலப்புற வாய்க்காலை (தடத்தின் ஓரப் பள்ளத்தை) ஒட்டியது 1, நட்ட நடு 20. கண் வைப்பதற்கான அம்புக்குறிகள் 5, 10, 15 என்று ஐந்தைந்தாக இருக்கும். இந்தத் தளத்தின் முன்பகுதியில் ஓர் இயந்திரம் மெல்லிய எண்ணெயைத் தடவிக்கொண்டு போகும். பூச்சைப் பொறுத்து ஏறத்தாழ 32 அடியிலிருந்து 50 அடிக்குச் சற்று மேல் வரை எண்ணெய் இருக்கும், மீதி உலர்ந்த தளம். மரத்தைப் பாதுகாக்கத் தொடங்கிய பழக்கம் இது. இன்று ஆட்டத்தின் கடினத்தைத் தீர்மானிப்பதே இதுதான்.

மையங்களில் அன்றாடம் பூசுவது நடுவில் கெட்டியாகவும் இரு ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்கும். நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்ற விகிதம்கூட உண்டு. பந்து கொஞ்சம் வெளியே போனால் உலர்ந்த இடம் அதைப் பிடித்துத் திருப்பிவிடும். கொஞ்சம் உள்ளே போனால் நடுவில் உள்ள எண்ணெய் அதை வளையவிடாமல் தாங்கும். பழைய மாட்டு வண்டிப் பாதையில் சக்கரம் தானே பள்ளத்தில் வந்து விழுவதைப் போல, நாம் தவறினாலும் பந்து பாக்கெட்டுக்கு, அதாவது முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே உள்ள இடத்துக்கு, வந்து சேரும். போட்டிப் பூச்சில் இந்தத் தயவு கிடையாது. அமெரிக்க போலிங் சங்கம் 'ஸ்போர்ட்' என்று வகைப்படுத்திய பூச்சுகளில் விகிதம் மூன்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. வெளியே போன பந்து வெளியேயே போகும். உள்ளே போனது முதல் பின்னின் மூக்கில் மோதி, இரண்டு ஓரத்திலும் பின்களை நிறுத்திவிட்டுப் போகும்.

இங்கேதான் "எவ்வளவு வளையும்" என்ற கேள்வி நம்மைக் கெடுக்கிறது. வழக்கமான பூச்சில் அதிகம் வளையும் பந்து வரம். வெளியே போனதை மீட்டுக்கொண்டு வரும். கடினமான பூச்சில் அதே பந்து ஒவ்வொரு சிறு தவறையும் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு பலகை தவறினால் பின்களின் பக்கம் போய்ச் சேரும்போது ஆறு பலகையாகிவிடும். ஆகவே என் கணக்கு இது: பூச்சு எவ்வளவு கடினமோ, அவ்வளவு அடக்கமான பந்து வேண்டும். ஸ்டிரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் சாய்வது) விழ வைக்கும் பந்தைத் தேடுவதைவிட, நான் தவறும்போது குறைவாகத் தண்டிக்கும் பந்தைத் தேடுகிறேன்.

பந்து எதனால் வளைகிறது என்பதில் பெரும்பாலோர் பந்துக்குள் இருக்கும் உட்கருவைப் பற்றித்தான் பேசுவார்கள். பெட்டியின் மேல் அழகான படமாக அச்சிடுவது அதைத்தானே! உட்கருவுக்கும் துளைகளின் அமைப்புக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தளத்தைத் தொடுவது தோல், அதாவது பந்தின் வெளி அடுக்கு. பிளாஸ்டிக் தோல் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். யூரித்தேன் முன்னதாகவே பிடித்து, மெதுவாக, சீரான வில்லாக வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் எண்ணெயை உறிஞ்சி, உலர்ந்த தளத்தில் கடுமையாகத் திரும்பும். 1973-இல் டான் மெக்கூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்தை வேதிக் கரைப்பானில் ஊறவைத்துத் தோலை மென்மையாக்கி, அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டங்களை அள்ளினார். உட்கரு அதேதான், தோல் மட்டும் மாறியது. பந்தின் கடினத்துக்குக் கீழ் வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில் மென்மையான யூரித்தேன் பந்துகளைச் சுற்றி நடந்த சண்டையும் அதே கதையின் மறுபதிப்புதான்.

தோலை நாமே மாற்றலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அப்ரலான் என்ற வட்டத் தேய்ப்புத் துணிகள் 500, 1000, 2000, 4000 என்று எண்களோடு கிடைக்கின்றன. எண் சிறியதானால் சொரசொரப்பு அதிகம். சொரசொரப்பான பந்து எண்ணெய்க்குள்ளேயே தளத்தைப் பிடிக்கத் தொடங்கும், ஆற்றலை முன்கூட்டியே செலவழிக்கும், கடைசியில் அமைதியாக உருளும். மெருகேற்றிய பந்து முன்பகுதியில் வழுக்கிக்கொண்டு போய், மிச்சம் வைத்த ஆற்றலை எல்லாம் கடைசியில் கொட்டும். பளபளப்பான பந்து குறைவாக வளையும் என்று நம்புகிறவர்கள் எங்கள் லீக்கில் இன்னும் இருக்கிறார்கள். அது தாமதமாகத்தான் வளைகிறது. வளையும்போது கூர்மையாக வளைகிறது. கடினமான பூச்சில் அந்தக் கூர்மைதான் ஆபத்து.

புதிதாகப் பந்து வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தச் சில நூறு ரிங்கிட்டைச் செலவழிக்கும் முன், இருக்கும் பந்தின் தோலை மாற்றி ஒருமுறை உருட்டிப் பாருங்கள். 4000-இல் இருந்த பந்தை 1000-க்குக் கொண்டுவந்தால் அது வேறு பந்து. ஒன்றே ஒன்று நினைவிருக்கட்டும். தேய்த்த சொரசொரப்பு நிலைக்காது. சில ஆட்டங்களிலேயே தளம் அதை மழுக்கிவிடும். போட்டிக்கு முந்தைய நாள் மறுபடி தேய்க்க வேண்டும். போட்டி தொடங்கிய பிறகு தேய்க்க விதி இடம் தராது. 2019 ஆகஸ்டில் அமெரிக்கச் சங்கம் ஆட்டத்தின் நடுவே திரவம் போட்டுத் துடைப்பதற்கும் தடை போட்டது; உலர்ந்த துணி மட்டும்தான் என்றது. விதிகள் போட்டிக்குப் போட்டி சற்று மாறும் என்பதால் விதித்தாளைப் படித்துவிடுவது நல்லது.

போட்டிக்கு முன் எண்ணெய்த் தாள் ஒன்றை ஒட்டுவார்கள் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நிறமும் வரைபடமுமாக மிரட்டும். நான் அதில் பார்ப்பது மூன்றை மட்டும்: பூச்சின் நீளம், மொத்த எண்ணெயின் மில்லிலிட்டர் அளவு, நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம். நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால் பந்து எண்ணெயை விட்டு வெளியேற வேண்டிய பலகை ஏறத்தாழ வந்துவிடும். 42 அடி என்றால் 11-வது பலகை. 33 அடி என்றால் 2, அதாவது வாய்க்காலின் விளிம்பு. 46 என்றால் 15. இது வேதவாக்கு அல்ல. எண்ணெயின் அளவும் தளத்தின் மேடுபள்ளமும் அதை ஓரிரு பலகை நகர்த்தும். ஆனாலும் முதல் பந்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

குட்டைப் பூச்சைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பார்க்க எளிதாகத் தெரிந்து ஆளைக் கவிழ்ப்பது அதுதான். ஈப்போவில் ஒரு இரட்டையர் போட்டி. பூச்சு 33 அடி. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் பூச்சுகளுக்கு விலங்குப் பெயர் வைப்பார்கள். ஏறத்தாழ இந்த நீளத்தில் இருக்கும் ஒன்றுக்கு அங்கே ஓநாய் என்று பெயர், பொருத்தமான பெயர்தான். 33 அடியோடு எண்ணெய் முடிந்தால் பின்கள் வரை 27 அடி உலர்ந்த தளம். ரியாக்டிவ் பந்தை நடுவிலிருந்து வீசினால் அது திரும்பத் தொடங்கி, திரும்பி முடித்து, முதல் பின்னையும் தாண்டி இடப்பக்கம் போய்விடும். என்னோடு ஆடிய தம்பி இரண்டு கையாலும் உருட்டுபவர். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை; கோலாலம்பூரில் இருபது வயதுக்குக் கீழே இருக்கும் பையன்களில் பலர் இன்று அப்படித்தான் உருட்டுகிறார்கள். சுழற்சி வேகம் என்னைப் போல இரு மடங்கு இருக்கும். அவர் பையிலிருந்து முதலில் எடுத்தது மின்னுகிற ரியாக்டிவ் பந்து.

"தம்பி, இன்றைக்கு அது வேண்டாம். ஊதா நிற யூரித்தேனை எடு" என்றேன்.

"அண்ணே, அதை உருட்டினால் ஆறு வயதுப் பையன் உருட்டுவது போல இருக்கிறது. பின்கள் பறக்கவே மாட்டேன் என்கின்றன."

பின்கள் பறக்காவிட்டாலும் விழுந்தால் போதும் என்று சமாதானப்படுத்தி எடுக்க வைத்தேன். இருவரும் ஓரமாக, 3-வது பலகைக்கும் 5-வது பலகைக்கும் நடுவே, கோணத்தை மூடி, கிட்டத்தட்ட நேராக உருட்டினோம். குட்டைப் பூச்சில் வாய்க்காலுக்குப் பயந்தால் வேலை ஆகாது. ஓரத்திலிருந்து உருட்டும்போது பந்து திரும்புவதற்கு இடம் குறைவு, அதனால்தான் அடங்குகிறது. தடத்தின் நடுவிலிருந்து வெளியே வீசி மறுபடி உள்ளே கொண்டுவரும் அழகான ஆட்டமெல்லாம் குட்டைப் பூச்சில் செல்லுபடியாகாது. வேகத்தையும் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டோம்.

இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் இன்னொரு சிக்கல் வந்தது. ரியாக்டிவ் பந்து எண்ணெயை உறிஞ்சித் தடத்தைக் காய வைக்கும். யூரித்தேன் அவ்வளவு உறிஞ்சாது. பந்தில் ஒட்டிய எண்ணெய் எண்ணெயே இல்லாத பின்பகுதியில் கோடாகப் படியும். தம்பியின் பந்து அந்தச் சுழற்சியோடு படிய வைத்த எண்ணெய்க் கோட்டில் என் பந்து போகும்போது, திரும்ப வேண்டிய இடத்தில் வழுக்கியது. முதல் பின்னை மெல்லத் தொட்டுவிட்டு 2-ஆம் பின்னையும் 8, 10-ஐயும் விட்டுவிட்டுப் போனது. ஒரே ஜோடித் தடத்தில் ஆடும் இருவரும் ஒரே வகைப் பந்தை ஒரே கோட்டில் உருட்டினால் இப்படித்தான் ஆகும். அப்போது செய்தது: தம்பி யூரித்தேனோடு ஓரத்திலேயே இருந்தார். நான் பலம் குறைந்த (அதாவது குறைவாக வளையும்), மெருகேற்றிய பந்து ஒன்றுக்கு மாறி 7-வது பலகைக்கு உள்ளே வந்தேன். யார் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்வது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. அணி ஆட்டத்தில் இது இன்னும் முக்கியம். ஐந்து பேர் ஐந்து விதமாகத் தடத்தைக் கிழித்தால், ஆட்டத்தின் கடைசிச் சுற்றான பத்தாவது ஃபிரேமில் கடைசி ஆளுக்கு நிற்க இடமிருக்காது.

இடது கைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் பக்கத்தில் உருட்டுகிறவர்கள் குறைவு என்பதால் எண்ணெய் நெடுநேரம் மாறாமல் இருக்கும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பூச்சு அவர்களுக்கு ஒத்துவராத நாளில் அது மாறவே மாறாது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நீளப் பூச்சு நேர் எதிரானது. 45 அடிக்கு மேல் போனால் பந்து பிடித்துத் திரும்ப 15 அடிகூட மிச்சமில்லை. இங்கே சொரசொரப்பான, பலமான பந்து வேண்டும், 1000 அல்லது 2000-இல் தேய்த்த, பளபளப்பில்லாத ரியாக்டிவ். எண்ணெய்க்குள்ளேயே பிடிக்கத் தொடங்கினால்தான் நேரத்துக்குத் திரும்பும். அடக்கம் என்று சொல்லிவிட்டுப் பலமான பந்தைச் சொல்கிறானே என்று கேட்கலாம். நீளப் பூச்சில் பலமான மந்தத் தோல்தான் அடக்கமாக நடந்துகொள்ளும். மெருகேற்றியது அங்கே ஒரு தடவை திரும்பும், ஒரு தடவை திரும்பாது. அடக்கம் என்று நான் சொல்வது குறைவாக வளைவதை அல்ல; அடுத்தடுத்த இரண்டு பந்துகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதை.

ஜொகூர் பாருவில் ஒரு போட்டியில் என் பக்கத்துத் தடத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்ப் பெண்மணி ஒருவர் ஆடினார். எல்லோரும் அவரைக் காக் (அக்கா) என்று மரியாதையாக அழைத்தார்கள். பூச்சு நீளம், எண்ணெயும் கனம். இளைஞர்கள் எல்லோரும் ஐந்தாவது அம்புக்குறியிலிருந்து வெளியே வீசிப் பந்தைத் தேடிக்கொண்டிருக்க, அவர் மூன்றாவது அம்புக்குறியின் மேல், மெதுவான வேகத்தில், ஏறத்தாழ நேராக உருட்டினார். பந்து பாக்கெட்டை மெல்லத் தொடும். பெரும்பாலும் வலக்கோடியில் உள்ள 10-ஆம் பின் நிற்கும். பிளாஸ்டிக் பந்தை எடுத்து அதைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறிப்பார். எங்கள் ஸ்குவாட்டில் (ஒரே நேரத்தில் ஆடிய குழுவில்) அன்று அவர்தான் முதலிடம். ஒவ்வொரு ஃபிரேமிலும் 9, பிறகு ஸ்பேர் (மிச்சப் பின்னை இரண்டாவது பந்தில் சாய்ப்பது), கடைசிப் பந்தும் 9 என்று போனால் ஒரு ஸ்டிரைக்கூட இல்லாமல் 190 வரும். கடினமான பூச்சில் 190 சராசரி என்றால் பல போட்டிகளில் மேல் வரிசையில் நிற்கலாம். வெளியே வீசியவர்களின் திரையில் இருநூறும் இருந்தது, நூற்று நாற்பதும் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு கடினப் பூச்சுக்கு என் பையில் நான் முதலில் வைக்கும் பந்து பிளாஸ்டிக் பந்துதான். 10-ஆம் பின்னுக்கு வளையும் பந்தைப் பயன்படுத்துவது தேவையற்ற சூதாட்டம். குறுக்காக நேராகப் போகும் பந்து எண்ணெய் எதுவானாலும் கவலைப்படாது. இடப்பக்கம் நிற்கும் பின்களுக்கு மூன்று, ஆறு, ஒன்பது கணக்கு வைத்திருக்கிறேன். ஸ்டிரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து, பின்னின் தூரத்துக்கு ஏற்ப மூன்று, ஆறு, ஒன்பது பலகை வலப்பக்கம் நகர்ந்து, அதே இலக்கில் உருட்ட வேண்டும். குட்டைப் பூச்சில் இந்தக் கணக்கும் தவறும். அங்கே எல்லா ஸ்பேருக்கும் பிளாஸ்டிக்தான்.

39-இலிருந்து 42 அடி வரை உள்ள நடுத்தரப் பூச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலான போட்டிகள் அங்கேதான் இருக்கும். சமச்சீரான உட்கருவும் பளபளப்பில்லாத தோலும் உள்ள நடுத்தரப் பலப் பந்து ஒன்று இருந்தால் போதும். ஸ்டார்ம் நிறுவனத்தின் ஃபேஸ் 2 போன்றவை இந்த வேலைக்காகவே பலர் பையில் இருக்கின்றன. அதை அளவுகோல் பந்து என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அதை உருட்டிப் பார்க்க வேண்டும். அது அதிகமாகத் திரும்பினால் பலம் குறைந்ததற்கும், திரும்பத் தவறினால் பலமானதற்கும் போகலாம். எந்தப் பந்தை எடுப்பது என்ற குழப்பத்தில் பாதி, ஒரு பந்தின் நடத்தை மனப்பாடமாக இருந்தால் தீர்ந்துவிடும்.

பயிற்சிக்குத் தரும் பத்து நிமிடத்தைப் பெரும்பாலோர் ஸ்டிரைக் விழுகிறதா என்று பார்ப்பதில் கழிக்கிறார்கள். என் வழக்கம் வேறு. முதல் பந்து, கணக்கு சொன்ன இடத்தில். அடுத்தது, வேண்டுமென்றே மூன்று பலகை வெளியே. அதற்கடுத்தது மூன்று பலகை உள்ளே. எந்தப் பக்கம் தவறினால் மன்னிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். சில பூச்சுகளில் வெளியே கொஞ்சம் இடம் இருக்கும், உள்ளே இருக்காது. சிலவற்றில் மாறி இருக்கும். தெரிந்துவிட்டால் மன்னிப்பு இருக்கும் பக்கமாகவே தவறலாம். கடைசியில் 10-ஆம் பின்னுக்கு இரண்டு பிளாஸ்டிக் பந்து. ஒரு பந்துகூடப் பாக்கெட்டில் போகாமல் பயிற்சியை முடித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆட்டம் தொடங்கிய பிறகு பின்களைவிடப் பந்தைப் பார்ப்பது நல்லது. பந்து பாக்கெட்டில் போயும் 10-ஆம் பின் நின்றால், அதற்கு முந்தைய 6-ஆம் பின் எப்படி விழுந்தது என்று கவனியுங்கள். 6-ஆம் பின் வாய்க்காலில் சோர்ந்து சாய்ந்து கிடந்தால் பந்து ஆற்றலை இழந்துவிட்டது. முன்பகுதியில் எண்ணெய் காய்ந்து பந்து சீக்கிரம் பிடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு பலகை கால் நகர்த்தி, இலக்கை ஒரு பலகை நகர்த்திப் பார்க்கலாம். 6-ஆம் பின் வேகமாகப் பறந்து 10-ஐச் சுற்றிப் போயிருந்தால் பந்தில் குறையில்லை. ஒரு சின்ன கோண மாற்றம் போதும். நகர்வது எப்போதும் முதல் தவறிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. நான் நன்றாக விட்ட பந்து தவறினால் நகர்வேன். நான் மோசமாக விட்டது தவறினால் நகர மாட்டேன். இந்த வேறுபாட்டைக் காண்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், பந்துக் கடைகளில் அது விற்பனைக்கு இல்லை.

ஒரே தாளின்படி பூசிய இரண்டு தடங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தளத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. ஒரு பக்கம் மிகச் சிறிதளவு சாய்ந்திருந்தாலே பந்து அதை உணர்ந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தடம் மாறும் போட்டிகளில், இடது தடத்துக்கு ஒரு கோடு, வலது தடத்துக்கு வேறு கோடு என்று ஆடியிருக்கிறேன். சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றில் தட எண்ணையும் நின்ற பலகையையும் எழுதி வைப்பேன். அதே மையத்துக்கு அடுத்த ஆண்டு போகும்போது அது தங்கம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மதியம் முழுவதும் கார் பின்பெட்டியில் பந்துகளை வைத்துவிட்டு மாலையில் லீக்குக்குப் போகிறவர்கள் ஏராளம். ரியாக்டிவ் தோல் உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் கசிந்து மேலே வரும். சூட்டிலிருந்து குளிர்சாதன அறைக்கு மாறி மாறிப் போகும் பந்தில் வெடிப்பும் விழலாம். வீட்டுக்குள் ஒரு மூலை போதும். ஒவ்வொரு உருட்டலுக்கும் முன் துணியால் எண்ணெய் வளையத்தைத் துடைப்பதும், ஆட்டம் முடிந்தவுடன் திரவம் போட்டுச் சுத்தம் செய்வதும் பந்தின் ஆயுளைக் கூட்டும். கட்டைவிரல் விஷயம் தனி. வெளியே சூடாகத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டுக் குளிர்ந்த மையத்துக்குள் நுழைந்தால் விரல் ஒரு அளவில் இருக்கும். மூன்றாவது ஆட்டத்தில் வேறு அளவில் இருக்கும். துளைக்குள் ஒட்டும் நாடாவை ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கத் தெரியாதவருக்கு எந்தப் பூச்சும் கடினமான பூச்சுதான்.

அடுத்த போட்டியின் தாள் வந்துவிட்டது. 44 அடி, எண்ணெயும் கனம், விகிதம் இரண்டரைக்கு ஒன்று. கணக்குப்படி 13-வது பலகை. யூரித்தேன் பந்து வீட்டிலேயே இருக்கும். அளவுகோல் பந்தை அங்கிளிடம் கொடுத்து 2000-க்குத் தேய்த்தாயிற்று; பலமான பந்தை 1000-க்கு. மின்னுகிற பந்தையும் எடுத்து வைத்தேன், ஐந்தாவது ஆட்டத்துக்கு மேல் முன்பகுதி காய்ந்தால் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பந்து பையின் அடியில். தம்பிக்குப் போன் செய்து பூச்சைச் சொன்னேன். "அண்ணே, நிறைய வளைகிற பந்தா எடுத்துக்கொண்டு வரட்டுமா?" என்றார். மந்தமான பந்தாக எடுத்து வா, 10-ஆம் பின்னுக்கு இரண்டு நாள் பயிற்சி செய்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.